ஜன்னல் இல்லாத ரயிலுக்குள்ள யாரு?

ஒரு விடுகதை போடறேன், விடை சொல்லுங்க பாஸ்!

பார்த்தா பாசஞ்சர் ரயில் மாதிரியே இருக்கும். ஆனா, பாசஞ்சர் ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க. ஜன்னல் இருந்த தடம் இருக்கும், ஜன்னல் இருக்காது. கதவு இருந்த தடம் இருக்கும், கதவு திறக்காது. எந்த ஸ்டேஷன்லயும் யாரும் ஏற மாட்டாங்க, இறங்க மாட்டாங்க. அது என்ன?

முழிக்கறீங்களா? நானும் இப்படித்தான் முழிச்சேன். இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டது வைவா எடுக்க வந்த எக்ஸ்டர்னல் இல்லை. ஜவ்வாது மலையில, புதூர்நாட்டுப் பக்கம் ஒரு கிராமத்துத் திண்ணையில உட்கார்ந்திருந்த என் கிளாஸ்மேட்டோட அப்பா!

செமஸ்டர் லீவுல ஹாஸ்டலே காலி. "சும்மா ரூம்ல படுத்து என்னடா பண்ணப் போற? எங்க மலைக்கு வா, சாமைச் சோறு சாப்பிடலாம்"னு நண்பன் கூப்பிட்டான். காவலூர்ல பெரிய தொலைநோக்கி இருக்கே, அதே ஜவ்வாது மலைதான். ஆனா, அவன் ஊர் வேற பக்கம். திருப்பத்தூர்ல பஸ் பிடிச்சு, வளைஞ்சு வளைஞ்சு ஏறினா, காதுக்குள்ள 'டப்'புன்னு அடைக்கும்போது ஊர் வந்துடும்.

நான் மெக்கானிக்கல், தேர்டு இயர். சத்தத்தை வெச்சே வர்றது லேலண்டா, டாடாவான்னு சொல்லிடுவேன்னு எனக்கு ஒரு கெத்து உண்டு. அன்னிக்குத் திண்ணையில அந்த கெத்துலதான் லெக்சர் எடுத்துக்கிட்டு இருந்தேன். டாபிக், கார் ஏத்திட்டுப் போற லாரி! சென்னை - பெங்களூரு ஹைவேயில, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அடிக்கடி பார்க்கலாமே... மாடி வெச்ச நீள லாரியில புத்தம்புது கார்களை மேலயும் கீழயும் அடுக்கிக்கிட்டுப் போவாங்க. அது எப்படி மேல ஏத்தறாங்க, எப்படிக் கட்டறாங்கன்னு அள்ளி விட்டேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, நண்பனோட அப்பா வாயைத் திறந்தார்.

"தம்பி, நீ வண்டிக்குப் படிக்கிற புள்ள. நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. ஜோலார்பேட்டையில ராத்திரி வண்டிக்குக் காத்துக்கிட்டு இருந்தப்ப ஒரு ரயிலு வந்து நின்னுச்சு. நாங்க ஏறிப் போற பொட்டி மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா, ஜன்னலை எல்லாம் தகடு வெச்சு அடைச்சுட்டாங்க. கதவையும் அடைச்சுட்டாங்க. உள்ள யாரு போறாங்க?"

ஊர்ல ஏற்கெனவே பட்டிமன்றமே நடந்திருக்கு. மிலிட்டரிக்காரங்கன்னு ஒரு கோஷ்டி. ஜெயில் கைதிங்கன்னு ஒரு கோஷ்டி. புது ரூபாய் நோட்டுக் கட்டுன்னு ஒருத்தர். 'பேய்'னு ஒரு வாண்டு. நான் என்ன சொன்னேன்னு கேட்கறீங்களா? "அது வந்துப்பா... பார்த்துட்டுச் சொல்றேன்"னு எழுந்துட்டேன். மூணு வருஷ இன்ஜினீயரிங் மானம், அந்தத் திண்ணையிலயே கப்பல் ஏறிடுச்சு!

'கார் வண்டி தம்பி அது!'

ரெண்டு நாள் கழிச்சு ஊருக்குக் கிளம்பறப்போ, வேணும்னே ஜோலார்பேட்டை பிளாட்பாரத்துல மூணு மணி நேரம் உட்கார்ந்தேன். எக்ஸ்பிரஸ் போச்சு. சிமென்ட் மூட்டை வண்டி போச்சு. டேங்கர் போச்சு. போதும்டா சாமின்னு எழுந்திருக்கும்போதுதான், தள்ளியிருந்த லைன்ல மெதுவா வந்து நின்னுச்சு அந்த அடைச்ச ரயில்!

அவர் சொன்னது அப்படியே நிஜம். நாம ஏறிப் போற அதே பெட்டி. அதே வளைஞ்ச கூரை. அடியில அதே ஸ்பிரிங் வெச்ச சக்கர வண்டி. ஆனா, ஜன்னல் இருந்த இடத்துல எல்லாம் பற்றவெச்ச இரும்புத் தகடு. காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி மாதிரி வரிசையா தெரியுது. பக்கவாட்டுல மூணே மூணு எழுத்து... என்.எம்.ஜி!

பக்கத்துல டீ குடிச்சிக்கிட்டு இருந்த ரயில்வே ஊழியர்கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டார். "கார் வண்டி தம்பி அது. உள்ள எல்லாம் புதுக் காரு!"

ஆமாம் பாஸ். 'நியூலி மாடிஃபைடு கூட்ஸ்' என்பதன் சுருக்கம்தான் என்.எம்.ஜி. மனுஷங்களைச் சுமந்து ரிட்டயரான பாசஞ்சர் பெட்டிகளை மாத்தி, கார் ஏத்தற வண்டியாக்கிடறாங்க. நான் ஹைவே லாரியைப் பத்தி லெக்சர் எடுத்துக்கிட்டு இருந்தப்போ, அவர் கேட்ட கேள்வியும் அதே டாபிக்தான். அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை!

பெரம்பூர்ல பிறந்தவர்

இந்தப் பெட்டியோட பிறந்த ஊர் நம்ம சென்னை. பெரம்பூர்ல இருக்கிற ஐ.சி.எஃப் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ம் தேதி பிரதமர் நேரு திறந்து வெச்சார். டிசைன், சுவிட்சர்லாந்து நாட்டு ஷ்லீரன் கம்பெனியோடது. அடிச்சட்டம், சுவர், கூரை எல்லாம் ஒண்ணா சேர்ந்து பாரத்தைத் தாங்கற மாதிரி, மொத்தப் பெட்டியையும் ஒரே இரும்புக் குழாய் மாதிரி பற்றவெச்சிருப்பாங்க. 'இன்டக்ரல்'ங்கிற பேருக்குக் காரணமே அதுதான். விபத்துல ஒரு பெட்டி இன்னொண்ணுக்குள்ள சொருகிக்கிறதைத் தடுக்கணும்கிறதும் அந்த டிசைனோட நோக்கம்.

உடம்போட நீளம் சுமார் 21.3 மீட்டர். அகலம் சுமார் 3.2 மீட்டர். இந்த ரெண்டு நம்பரையும் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி ஒரு கணக்கு இருக்கு!

அறுபது வருஷத்துக்கு மேல இதே டிசைன்தான் இந்தியா முழுக்க ஓடிச்சு. கடைசி ஐ.சி.எஃப் டிசைன் பெட்டி 2018 ஜனவரியில் வெளியே வந்தது. அதுக்கப்புறம் தயாராகிறது எல்லாம் எல்.எச்.பி-ங்கிற ஜெர்மன் டிசைன் வகை.

ஒரு பாசஞ்சர் பெட்டிக்கு ஆயுள் 25 வருஷம்னு கணக்கு. 20 வருஷம் ஓடி முடிச்ச பெட்டிகளைப் பொறுக்கி எடுத்து என்.எம்.ஜி-யா மாத்தறாங்க. மாத்தின பிறகு இன்னும் 5-லிருந்து 10 வருஷம் ஓட்டலாம்.

ஒரு ஆபரேஷன்

ஒர்க்‌ஷாப்புக்குள்ள போற பெட்டிக்கு முதல்ல உள்ளே இருக்கிறதெல்லாம் காலி. சீட், பெர்த், ஃபேன், லைட், டாய்லெட், தண்ணி டேங்க் எல்லாம் கழட்டி எடுத்துடுவாங்க. ஜன்னலுக்கும் பக்கவாட்டுக் கதவுக்கும் தகடு அடிச்சு மூடிடுவாங்க. தரையை கார் டயர் ஓடற மாதிரி பலமா மாத்துவாங்க.

அடுத்ததுதான் மெயின் ஆபரேஷன். பெட்டியோட ரெண்டு முனையிலயும் சுவரை வெட்டி, அகலமா ரெட்டைக் கதவு வைப்பாங்க. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில ஒரு பலகையை இறக்கினா, அது பாலம். இப்ப மொத்த ரயிலும் உள்ளுக்குள்ள ஒரே நீளமான ரோடு!

ஏத்தறது எப்படி? கடைசிப் பெட்டிக்குப் பின்னால சாய்தளம். முதல் காரை டிரைவர் அதுல ஏத்தி, பெட்டி பெட்டியா ஓட்டிக்கிட்டே போய், எதிர்முனையில இருக்கிற பெட்டியில நிறுத்துவார். அதுக்குப் பின்னாடி ரெண்டாவது கார். அப்படியே வரிசையா. ஒவ்வொரு காருக்கும் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக் கட்டிடுவாங்க. அமெரிக்காவுல இந்த முறைக்கு 'சர்க்கஸ் லோடிங்'னு பேரு. ஒரு காலத்துல சர்க்கஸ் கம்பெனிகள் தங்களோட வண்டிகளை இப்படித்தான் ரயில்ல ஏத்துவாங்களாம்.

பெட்டிக்குள்ள அகலம் மூணு மீட்டர்கூட முழுசா கிடைக்காது. காரோட அகலம் 1.7 மீட்டர்னு வெச்சா, ரெண்டு பக்கமும் ஓர் அடி, ரெண்டு அடிதான் மிச்சம். அந்த இடுக்குல கார் கதவைத் திறந்து, வயித்தை எக்கிக்கிட்டு டிரைவர் வெளியே வரணும். நம்ம காலேஜ் பைக் ஸ்டாண்டுல வண்டி எடுக்கறதே கஷ்டம்னு புலம்பறவங்க கவனிக்க!

நாலு மீட்டர் ரகசியம்

இப்ப அந்தக் கணக்குக்கு வருவோம். 2006 மத்திய பட்ஜெட்ல சின்ன காருக்கு வரியைக் குறைச்சாங்க. சின்ன கார்னா நாலு மீட்டர் நீளத்துக்கு மேல போகக் கூடாதுங்கிறது ஒரு கண்டிஷன். அவ்வளவுதான்... கம்பெனிகள் எல்லாம் நாலு மீட்டருக்குள்ள காரை அடக்கறதுல இறங்கிட்டாங்க. பின்னாடி டிக்கியை 'நறுக்'குன்னு வெட்டின மாதிரி சில கார்கள் இருக்கே, அதுக்கும் இந்த நாலு மீட்டர்தான் காரணம்.

பெட்டியோட நீளம் 21.3 மீட்டர். நாலு மீட்டர் கார் அஞ்சு நிறுத்தினா 20 மீட்டர். நடுவுல விட வேண்டிய இடைவெளிக்கு மிச்சம் 1.3 மீட்டர். அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இல்ல? ஐம்பதுகள்ல சுவிட்சர்லாந்துக்காரங்க மனுஷங்களுக்காக வரைஞ்ச டிசைனும், 2006-ல டெல்லியில போட்ட வரிக் கணக்கும் எதேச்சையா இப்படிப் பொருந்திப் போச்சு!

பெட்டிக்கு அஞ்சு கார்னா, 25 பெட்டி கோத்த ரயில்ல 125 கார். ஒரு லாரிக்கு எட்டுன்னு வெச்சாக்கூட 16 லாரி வேணும். காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் ஸ்டேஷன்ல இருந்து நம்ம ஊர் கார்கள் ரயில் ஏறுறதுக்கு இதுதான் காரணம்.

கொசுறு: பென்ஸின் நீல அதிசயம்

கார் ஏத்தற வண்டியை வேற எதையாவது வெட்டி ஒட்டிச் செய்யறது நம்ம ஊர் பழக்கம் மட்டும் இல்லை. 1955-ல ரேஸ் காரை மைதானத்துக்குத் தூக்கிட்டுப் போக மெர்சிடிஸ் பென்ஸ் ஒரு லாரி செஞ்சது. சட்டம், அவங்களோட 300 எஸ் காரோடது. இன்ஜின், 300 எஸ்.எல் ஸ்போர்ட்ஸ் காரோடது. 192 குதிரைத் திறன். மணிக்கு 170 கிலோமீட்டர் வரைக்கும் பறக்கும். 'நீல அதிசயம்'னு செல்லப் பேரு. அந்த வருஷத்தோட பென்ஸ் ரேஸை விட்டு விலக, லாரிக்கு வேலை இல்லாமப் போச்சு. 1967-ல பழைய இரும்பு ஆக்கிட்டாங்க. அப்புறம் ஆசைப்பட்டு, ஒண்ணொண்ணா தேடி, அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணைச் செஞ்சு முடிச்சப்போ வருஷம் 2001. தூக்கிப் போடறது ஈஸி பாஸ், திரும்பச் செய்யறதுதான் கஷ்டம்!

அப்ப மனுஷனை ஏன் ஏத்தக் கூடாது?

நல்ல கேள்வி. எனக்கும் இங்கதான் மண்டை காய்ஞ்சது. கார்களைத் தூக்கற அளவுக்குத் தெம்பு இருக்கிற பெட்டிக்கு, மனுஷங்களைத் தூக்கத் தெம்பு இல்லையா?

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சின்ன காரோட எடை 900 கிலோன்னு வெச்சுக்கலாம். அஞ்சு காருக்கு 4.5 டன். ஐ.சி.எஃப் டிசைன் அன்ரிசர்வ்டு பெட்டியில 90 சீட். ஆளுக்கு 60 கிலோ போட்டா, உட்கார்ந்திருக்கிறவங்க எடையே 5.4 டன். நிக்கிறவங்க, தொங்கறவங்க எல்லாம் சேர்ந்து 200 பேர்னா 12 டன்! பெட்டி மனுஷங்களைச் சுமந்தப்போதான் அதிக பாரம். கார் சுமக்கறது அதுக்கு ரெஸ்ட் மாதிரி.

ஆக, பிரச்னை பாரம் இல்லை. துரு! பழைய டைப் பெட்டிகள்ல டாய்லெட் பக்கம் தண்ணி கசிஞ்சு கசிஞ்சு, தரைக்கு அடியில இருக்கிற தகடும் சட்டமும் அரிச்சுப் போகும். வயசு ஏற ஏற, வெட்டி ஒட்டற செலவும் ஏறும். மனுஷங்க ஏறணும்னா ஃபேன், லைட், தண்ணின்னு அத்தனையும் ஒழுங்கா இருக்கணும். வேகமா போகணும். விபத்துன்னா உயிர் பிழைக்கணும். எல்.எச்.பி பெட்டிகள்ல மோதினாலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத மாதிரி இணைப்பு இருக்கு. மனுஷனுக்குப் பாதுகாப்பு அளவுகோல் பெரிசு. காருக்கு ஓடற கூரையும், நாலு சுவரும், பூட்டும் இருந்தா போதும்.

இது நல்ல விஷயம்தான் பாஸ். வயசான பெட்டியை மனுஷங்களுக்குக் கொடுக்காம இருக்கிறது மரியாதை. அதை வீணாக்காம வேற வேலை கொடுக்கிறது புத்திசாலித்தனம். 2020-ல கொரோனா வந்தப்போ, இதே மாதிரி 5,000-க்கும் மேற்பட்ட பழைய பெட்டிகளைத் தனிமைப்படுத்தும் வார்டா மாத்தினாங்களே, ஞாபகம் இருக்கா?

இவங்களும் கொஞ்ச காலம்தான்

என்.எம்.ஜி-க்கும் போட்டி வந்தாச்சு. கார் ஏத்தறதுக்குன்னே செஞ்ச ரெண்டு மாடி வேகன் இருக்கு. நீள ரயிலா கோத்தா, ஒரே டிரிப்ல 300 கார் போகும். 2013-ல மாருதி கம்பெனி சொந்தமா ரயில் ஓட்டி கார் அனுப்ப லைசென்ஸ் வாங்கிச்சு. இந்தியாவுல அதை வாங்கின முதல் கார் கம்பெனி அதுதான்.

ஐ.சி.எஃப் டிசைன் 2018-லயே நின்னு போச்சு. அந்தக் கடைசிப் பெட்டிக்கு 2038-ல இருபது வயசு முடியும். மாத்தறதுக்கு அதுக்கு அப்புறம் இந்த வகைப் பெட்டி வராது. அதனால, அடைச்ச ஜன்னல் ரயிலைப் பார்த்தா இப்பவே நல்லா பார்த்துக்கோங்க. நம்ம பசங்க அதை மியூசியத்துலதான் பார்க்கப் போறாங்க.

மலைக்கு ஒரு போன்

விடையைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல நண்பனுக்கு போன் போட்டேன். அவன் ஊர்ல எல்லா இடத்துலயும் சிக்னல் கிடைக்காது. ஒரு பாறை மேல ஏறினாத்தான் பேச முடியும். அப்பாவையும் பாறைக்குக் கூட்டிட்டு வந்து ஸ்பீக்கர்ல போட்டான்.

"அப்பா, உள்ள மிலிட்டரி இல்ல, கைதி இல்ல. கார்! நீங்க ஏறிப் போன அதே பெட்டிதான். இருபது வருஷம் ஓடினதுக்கு அப்புறம் கார் ஏத்தறாங்க"ன்னு மூச்சு விடாம சொல்லி முடிச்சேன்.

"ஒரு பொட்டிக்கு எத்தினி காரு தம்பி?"

"அஞ்சுப்பா."

"அஞ்சே அஞ்சா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் சிரிச்சார். "நாங்க கக்கூஸ் பக்கத்துலயே முப்பது பேரு உக்காந்து போயிருக்கோம். பரவால்ல... காருக்காவது உக்கார எடம் கெடச்சிருக்கு."

நானும் சிரிச்சேன். நண்பன் சிரிக்கலை. அப்பா இறங்கிப் போன பிறகு, லைன்ல அவன் மட்டும் இருந்தான்.

அவன் அப்பா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போக ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம். சாமை அறுப்பு முடிஞ்சா கிளம்பிடுவார். மலையில இருந்து பஸ், அப்புறம் அன்ரிசர்வ்டு பெட்டி, கதவோரத் தரை. அந்தக் காசுலதான் இவன் ஹாஸ்டல் ஃபீஸ். அவங்க வீட்டுல காலேஜ் படியை மிதிச்ச முதல் ஆள் இவன். போன தடவை மேஸ்திரி, "மூட்டு வலியோட சாரம் ஏற முடியாது, இனிமே வர வேணாம்"னு சொல்லிட்டாராம். அதுக்குப் பிறகு அவர் மலையை விட்டு இறங்கவே இல்லை.

"டேய், பொட்டிக்கு இருபது வருஷம் ஆச்சுன்னா ஒரு ஃபைல் போட்டு, ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போய், அதால முடிஞ்ச வேற வேலை கொடுத்துடறாங்க. எங்கப்பாவுக்கு எவன்டா ஃபைல் போடுவான்?"

நான் ஒண்ணும் சொல்லலை. அஞ்சு கார், 4.5 டன்னு கால்குலேட்டர் இல்லாம கணக்குப் போட்டவனுக்கு இதுக்கு மட்டும் விடை தெரியலை. "அடுத்த செமஸ்டர் ரெண்டு அரியரையும் கிளியர் பண்ணிடலாம்டா, சேர்ந்து படிப்போம்"னு மட்டும் சொன்னேன். ஒண்ணு அவனோடது, ஒண்ணு என்னோடது. அவன் "சரி"ன்னான்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை ஃப்ரெண்ட்ஸ். அடுத்த தடவை ரயில் ஏறும்போது, பெட்டியோட வெளிச்சுவர்ல எழுதியிருக்கிற பெரிய நம்பரைப் பாருங்க. முதல் ரெண்டு இலக்கம் அது தயாரான வருஷம். 08-ல ஆரம்பிச்சா 2008-ல பிறந்தது. இத்தனை வருஷமா எத்தனை பேரைச் சுமந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

அப்படியே, உள்ளே ஏறினதும் கதவோரத்துல துண்டை விரிச்சு உட்கார்ந்திருக்கிறவரையும் பாருங்க. அவர் எந்த வருஷத்துல இருந்து இந்த ரயில்ல போறார்னு எங்கேயும் எழுதியிருக்காது. நாமதான் கேட்கணும்.